ஆக்சிஜன் செல்லுக்குள் சுலபமாகப் போகிறது. அதைவிடச் சிறிய சோடியம் அயனிக்கு மட்டும் ஏன் தனி வழி தேவை?

அளவை மட்டும் பார்த்தால் விசித்திரம்தான். ஆனால் செல் சவ்வு மின்னேற்றத்தையும் பார்க்கிறது. சவ்வு என்பது சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள இரட்டைக் கொழுப்பு அடுக்கு. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற மின்னேற்றமில்லாத சிறு மூலக்கூறுகள் அதில் கரைந்து, செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தாமாகவே போய்விடும். செல்லுக்கு ஆற்றல் செலவே இல்லை.

சோடியம் அயனிக்கோ மின்னேற்றம் உண்டு; அதனால் அதை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருக்கும். அவற்றை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் நுழைவது அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் புரதத்தாலான வாய்க்கால் வேண்டும். தண்ணீர் கொஞ்சம் நேரடியாகவே கசியும் என்றாலும், வேகமாகப் போக அதற்கும் அக்வாபோரின் என்ற புரதம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தள்ள வேண்டுமென்றால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இது ஓயாமல் நடக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் நரம்புகளில் சமிக்ஞையே ஓடாது. சிறுகுடல் செல்கள் குளுக்கோஸை உள்ளிழுப்பதும் இதை நம்பித்தான்: சோடியம் உள்ளே பாயும்போது குளுக்கோஸையும் கூடவே இழுத்துவருகிறது.

பாக்டீரியா போன்ற பெரியவை எந்தப் புரதத்துக்குள்ளும் அடங்காது. அவற்றை வெள்ளணுக்கள் சவ்வாலேயே சுற்றி வளைத்து விழுங்கிவிடும். இன்சுலின் வெளியேறுவது இதற்கு நேர் எதிர்: அதைச் சுமந்துவரும் சிறு பை சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்ளும்.