நெல்லையில் கணியான் கூத்து யாருடைய கலை?

கொடைவிழாவில், அதாவது ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் கோயில் விழாவில், ஆடும் கணியான் கூத்தைக் கல்லூரி மேடையிலும் பார்க்கிறோமே, அப்போ 'ஊர்' என்றால் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்பு ஊர் என்றால் வரி கொடுத்தவர்கள். சுடலைமாடன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) போட்டுக் கணியான் குழுவை அழைப்பார்கள். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடப் பறைகள் அதிர, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். (மகுடத்தைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதைப் பார்க்கவே தனியாகப் போகலாம்.) வரி கொடுக்காதவர் வேடிக்கை பார்க்க வந்தவர், அவ்வளவுதான்.

நகரத்தில் வேறொரு வட்டம் இருந்தது: வண்ணார்பேட்டையில் இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டம். அங்கே ரசனைதான் வரி.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலை (நாட்டுப்புறக் கலை, கதை, வழக்கங்களைப் பற்றிய படிப்பை) பாடமாகவே படிக்கலாம். இப்போது வரி கொடுக்கும் ஊர், ரசிக்க வருபவர்கள் என்ற இரண்டு வட்டமும் கலக்கின்றன. எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் விடிய விடியப் பாடுகிற கதைக்கு மேடையில் அரைமணி நேரம் கொடுத்தால், அண்ணாவி எதை விட்டுவிட்டுப் பாடுவார்?