டீச்சரைக் கேளுங்கள்: கேம்பிரிட்ஜில் ‘பக்கம்’ என்றால் எவ்வளவு தூரம்?

2019இல் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது கேம்பிரிட்ஜ் போய் ஐந்து மாதம் இருந்தேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதோடு கணக்குச் சந்தேகம் கேட்கும் கடிதங்களைக் காணவில்லை. எல்லோரும் வழி கேட்கிறார்கள். சரி, இந்த மாதம் அட்சரகணிதத்துக்கு லீவு.

கேள்வி: ஜூன் கடைசியில் மகனுக்கு கேம்பிரிட்ஜில் பட்டமளிப்பு. நானும் அவருடைய அப்பாவும் போகிறோம். எனக்கு முழங்கால் வருத்தம். ஹீத்ரோவில் இறங்கி எப்படிப் போவது? ஊருக்குள் எப்படித் திரிவது? கேட்டால் மகன் ‘எல்லாம் பக்கம்தான் அம்மா’ என்கிறார். அவருடைய பக்கம் எனக்கும் பக்கமா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, மகன் பொய் சொல்லவில்லை. அரைவாசி சொல்லியிருக்கிறார். ஊரின் நடுப்பகுதி நம் மட்டக்களப்புப் புளியந்தீவு மாதிரி. கோட்டை, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் நமக்கு ஒரு தீவுக்குள் அடங்கிக் கிடக்கிறதல்லவா? அங்கேயும் அப்படித்தான். சந்தைச் சதுக்கத்தில் நின்றால் கிங்ஸ் கல்லூரி, செனட் ஹவுஸ், ட்ரினிட்டி எல்லாம் பத்து நிமிட நடைக்குள். மகன் சொல்லாமல் விட்டது ரயில் நிலையத்தை. அது நடு ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1845இல் ரயில் வந்தபோது, நிலையத்தைக் கிட்ட வைத்தால் மாணவர்கள் லண்டனுக்கு ஓடிவிடுவார்கள் என்று பல்கலைக்கழகம் பயந்ததாம். ஊரில் சொல்கிற கதை. பயந்தது அவர்கள், நோவது நம் முழங்கால். நிலைய வாசலில் பஸ்ஸும் டாக்சியும் நிற்கும், ஏறிவிடுங்கள்.

ஹீத்ரோவிலிருந்து இரண்டு வழி. பிக்கடில்லி லைன் பாதாள ரயிலில் ஒரு மணித்தியாலம் போல கிங்ஸ் குரொஸ் வரை, அங்கிருந்து வேக ரயிலில் ஐம்பது நிமிடம். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே நேரடி கோச் பஸ். பெட்டியை ஒரு தடவை ஏற்றினால், பார்க்கர்ஸ் பீஸ் என்ற பெரிய புல்வெளி ஓரத்தில் இறக்கினால் போதும். உங்கள் முழங்காலுக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். அந்தப் புல்வெளிக்குக் கிட்ட அறை கிடைத்தால் இன்னும் நல்லது. ரயில்தான் என்றால் தூங்காதீர்கள். ஒரு நாள் லண்டன் போய் வரும்போது நான் கண்ணயர்ந்து, அடுத்த நிலையமான கேம்பிரிட்ஜ் நோர்த்தில் விழித்தேன். 2017இல் திறந்த புது நிலையம், அழகான நிலையம். இரவு ஒன்பது மணிக்கு அந்த அழகு எனக்குத் தேவைப்படவில்லை.

யாராவது ‘காரில் ஊர் காட்டுகிறேன்’ என்றால் அன்பாக மறுத்துவிடுங்கள். நடுத்தெருக்கள் பலவற்றுக்குள் காரை விடமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் ஊர் எல்லையில் பெரிய தரிப்பிடங்களில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து ஓடும் பஸ்ஸில்தான் உள்ளே வருகிறார்கள்.

நான் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் திரிந்தவள். எந்தத் தெரு குலுக்கும் என்று எனக்குச் சில்லுதான் படிப்பித்தது. கல் பாவிய பழைய சந்துகள் முழங்காலுக்கும் ஆகாது, சேலைக்கரைக்கும் ஆகாது. கிங்ஸ் கல்லூரிக்கு முன்னால் பதிவான கல் மதில் ஒன்று ஓடுகிறது. ஊரே அதில் குந்தியிருக்கும், நீங்களும் இருங்கள். அதற்குக் கிட்ட கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயக் கோபுரம், 123 படி. ஊர் முழுவதும் தெரியும் என்று மகனின் அப்பாவை மேலே அனுப்பிவிட்டு நீங்கள் மதிலிலேயே இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள். கல்லூரிகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சில்வர் தெருப் பாலமும் கரட் ஹொஸ்டல் சந்தின் பாலமும் பொதுவழி. இரண்டாவது பாலம் கொஞ்சம் கூன் விழுந்தது, மெதுவாக ஏறுங்கள்.

பட்டமளிப்பு நடக்கும் செனட் ஹவுஸும் அந்த மதிலிலிருந்து நாலு எட்டுத்தான். பிள்ளைகள் கறுப்பு அங்கியோடு கல்லூரியிலிருந்து வரிசையாக நடந்து வருவார்கள். உள்ளே நாலு நாலு பேராகப் போய், கல்லூரியின் சார்பில் நிற்பவருடைய வலது கை விரலை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராக முழந்தாளிட்டுப் பட்டம் வாங்குவார்கள். திருவிழாவில் அப்பாவின் விரலைப் பிடித்து நடந்த பிள்ளைதான் உங்களுக்கு ஞாபகம் வரும். உள்ளே விடும் ஆட்களுக்குக் கணக்கு உண்டு, ஆகவே உங்கள் இருவருக்கும் அனுமதிச் சீட்டை மகனிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஜூனிலும் காற்று குளிரும். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, காலுக்குச் சப்பாத்து. செருப்பு வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதப் பயிற்சிக்கு கேம்பிரிட்ஜ் போகிறேன். சைக்கிள் வாங்கலாமா?
– ஒரு மாணவன், செங்கலடி

பதில்: வாங்கு மனே. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்ப் படித்த உனக்கு அது சொந்த ஊர் மாதிரி. நிலம் நம்முடையதைப் போலத் தட்டை. ஓட்டுவதும் நம்மைப் போல இடப்பக்கம்தான். கண்டத்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் முதல் வாரம் படும் பாடு உனக்கு இல்லை. இருட்டினால் முன்னுக்கு வெள்ளை லைட், பின்னுக்குச் சிவப்பு லைட் சட்டப்படி வேண்டும். பூட்டுக்குச் சைக்கிள் விலையில் கால்வாசி போனாலும் பரவாயில்லை. புத்திசாலிகள் ஊர், சைக்கிள் கள்ளர்களும் அப்படியே. மருமகனுடைய சைக்கிளில் முன்சில்லு மட்டும்தான் கம்பியோடு மிஞ்சியிருந்தது.

கேள்வி: ராமானுஜன் இருந்த இடத்தைப் பார்க்க முடியுமா?
– உயர்தரக் கணித மாணவி, திருக்கோவில்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், மகள். ட்ரினிட்டி கல்லூரி. 1914 ஏப்ரலில் வந்தார், 1918இல் அந்தக் கல்லூரியின் ஃபெலோ என்ற அறிஞர் உறுப்பினர் ஆனார், 1919இல் உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். சைவச் சாப்பாட்டுக்காரர். யுத்த காலத்தில் தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டவர். கல்லூரி வாசலுக்கு வெளியே ஓர் அப்பிள் மரம் நிற்கிறது. நியூட்டன் வீட்டு மரத்தின் வழிவந்தது என்று எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கும்பகோணத்துப் பிள்ளை இந்தக் குளிரில் புளிக்கு என்ன செய்திருப்பார் என்று யோசித்து நின்றேன்.

ஊர் திரும்பி, கடைசி வருடத்தில் அவர் எழுதிய தாள்கள் கைமாறிப் போய், 1976இல் அந்தக் கல்லூரியின் ரென் நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்ததை ஜோர்ஜ் அண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டெடுத்தார். பார்வையாளர்களுக்கு நூலகம் திறக்கும் நேரம் குறைவு. அதை முதலில் பார்த்துவிட்டு, மிச்ச நாளை அதைச் சுற்றி அமைத்துக்கொள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை போகாதே. சோதனைக் காலம், பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடும். உள்ளே போனால் புல்லில் கால் வைக்காதே, அது ஃபெலோக்களுக்கு மட்டும். ராமானுஜன் நடந்திருக்கலாம், நாம் கூடாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிறைஸ்ட்ஸ் கல்லூரி. நம் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அங்கே படித்தவர். 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். பஸ் வரும்வரை அதையும் எட்டிப் பார்.

கேள்வி: தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வசதி எப்படி?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மில் றோட். நான் அங்கே இருந்த அந்த 2019இல்தான் பெரிய பள்ளிவாசல் திறந்திருந்தார்கள். உள்ளே மரத்தூண்கள் கிளை விரித்துக் கூரையைத் தாங்குகின்றன. பார்க்கலாமா என்று கேட்டேன், சந்தோஷமாகக் கூட்டிப்போனார்கள். அரிசி, பருப்பு, ஹலால் இறைச்சி எல்லாம் அதே றோட்டில் கிடைக்கும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்.

கேள்வி: அங்கே கம்பு ஊன்றித் தோணி விடுகிறார்களாமே?
– கடற்றொழிலாளி, வாழைச்சேனை

பதில்: விடுகிறார்கள் தம்பி, காசும் வாங்குகிறார்கள். பண்ட் என்று பெயர். தட்டையான அடி, சதுர முனை. பின்னால் பலகைத் தட்டில் நின்று ஐந்து மீற்றர்க் கம்பை ஊன்றுவார்கள். குயின்ஸ் கல்லூரி மரப்பாலத்தின் கீழ் வந்ததும் ‘இதை நியூட்டன் ஆணியில்லாமல் கட்டினார்’ என்பார்கள். நியூட்டன் செத்தது 1727இல், பாலம் கட்டியது 1749இல். கழித்துப் பாருங்கள். வாடகைக்கு எடுத்துத் தானே விடலாம். நீங்கள் என்றால் வாவியில் விடுகிற மாதிரி விட்டுவிடுவீர்கள். எங்கள் மருமகன் கொழும்பில் வளர்ந்தவர். கம்பு சேற்றில் இறுகியது, தோணி போய்க்கொண்டே இருந்தது, அவர் கம்பை விடவில்லை. நானும் பேத்தியும் தோணியில் இருந்தபடி, நடு ஆற்றில் கம்பைக் கட்டிப்பிடித்து மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனோம்.