அந்தச் சாவி உங்கள் சாவிக்கொத்தில் ஏன் இருந்தது?

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பனந்தாள் ஒன்றியத்தில் ஒரு கிராமம். ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலமும் ஒரு உரக்கடையும் இருக்கின்றன. பையன்களைச் சேர்த்துக்கொண்டு வாய்க்கால் தூர்வாரினேன், ரத்ததான முகாம்கள் நடத்தினேன். 2018 கஜா புயலின்போது வேதாரண்யம் பக்கம் லாரியில் அரிசி, தார்ப்பாய் கொண்டுபோய்க் கொடுத்தோம். 2019 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மனைவியை நிறுத்தினேன், ஜெயித்தோம். ஐந்து வருஷமும் எல்லா வேலையும் நானே பார்த்தேன். அவளுக்கு ஒரு சிரமமும் கொடுக்கவில்லை, டிஜிட்டல் கையெழுத்துச் சாவிகூட என் பைக் சாவிக்கொத்தில்தான் கிடந்தது. ஊரில் என்னைத்தான் ‘பிரசிடென்ட்’ என்று கூப்பிடுவார்கள். இப்போது கட்சியில் ஒன்றிய அளவில் பொறுப்பு தருவதாகச் சொல்கிறார்கள். 2029-ல் மயிலாடுதுறை எம்.பி. தொகுதியில் நிற்க வேண்டும் என்பது என் லட்சியம். மனைவி மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘இனிமேல் எந்தப் பேப்பரிலும் என் கையெழுத்து கிடையாது’ என்கிறாள். அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது? டெல்லிக்குப் போக எப்படித் திட்டமிடுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் தூர்வாரியதும் லாரியில் போனதும் முதலில் வருகின்றன. அதற்குப் பிறகு, போகிற போக்கில், சாவிக்கொத்து வருகிறது. நீங்கள் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் கடிதத்தைப் படிக்கக் கை வரவில்லை.

பென்டிரைவ் அளவில் இருக்கும் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் பணம் இணையம் வழியாகத்தான் ஒப்பந்ததாரர் கணக்குக்குப் போகிறது. அந்தச் சாவியைக் கணினியில் சொருகி, கடவுச்சொல்லை அடித்தால்தான் பட்டியல் நகரும். அடித்தவர் யார் என்று கணினிக்குத் தெரியாது. யார் பெயரில் சான்றிதழ் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டதாகத்தான் பதிவாகும். தன் சாவியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற கடமையை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு சான்றிதழ் பெற்றவர்மேல் சுமத்துகிறது. இன்னொருவரின் மின்கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்தினால், அதே சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நீங்கள் ஒரு பைசா தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்ட சிமென்ட் சாலை அளவுப் புத்தகத்தில் 120 மீட்டர் என்று இருக்கிறது, தணிக்கைக்கு வந்தவர் நாடா பிடித்தால் 104 மீட்டர்தான் வருகிறது என்று வையுங்கள். ஓவர்சியர் தவறாக எழுதியிருக்கலாம், ஒப்பந்ததாரர் ஏமாற்றியிருக்கலாம். விளக்கம் கேட்டு வரும் கடிதம் உங்கள் மனைவியின் பெயருக்குத்தான் வரும். இழப்பை வசூலிக்க உத்தரவானால் அதுவும் அவர் பெயரில்தான். அந்தக் கடிதத்தில் ‘தலைவரின் கணவர்’ என்று ஓர் இடம் கிடையாது. அந்தச் சாலையை அவர் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

‘சிரமம் கொடுக்கவில்லை’ என்கிறீர்கள். பதவியின் வேலையும் மரியாதையும் உங்களிடம் இருந்தன. அதன் ஆபத்து முழுக்க அவர் தலையில் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஐந்து வருஷம் அவருக்கு அது புரியாமல் இருந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் சொல்வதைக் கோபம் என்று நினைத்துச் சமாதானம் தேடாதீர்கள். உங்கள் வீட்டில் சட்டம் புரிந்தவராக அவர் ஒருவர் பேசுகிறார்.

நம் பக்கத்தில் குடும்பம் என்றால் ஒருவர் பெயரை இன்னொருவர் எடுத்து ஆள்வது என்று பலர் நினைக்கிறார்கள். மனைவி பெயரில் கடை, மனைவி பெயரில் கடன், மனைவி பெயரில் பதவி. இதை நான் ஒரு நாளும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். யாருடைய பெயரை வெளியே வைக்கிறோமோ அவருக்கு முதல் காவல் நாம்தான். இதே காவிரிக் கடைமடையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரில் பதிவு செய்தார். நிலம் அந்தப் பெண்களின் கையில் தங்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். ஊராட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று தமிழ்நாடு 2016-ல் சட்டம் திருத்தியதும் அதே எண்ணத்தில்தான். கணவர்கள் பின்னால் இருந்து ஆள்வதை ஆராய 2023-ல் மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது. நாடு முழுக்க உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கக்கூடாது.

ஆகவே முதலில் வீட்டுக் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்தது வரை, ஆண்டுவாரியாக உங்கள் ஊராட்சியின் தணிக்கை அறிக்கைகளை வாங்குங்கள். கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் மனைவி, அவருக்கு விருப்பம் இருந்தால். கொடுக்க மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் செலவுகள் ஆண்டுவாரியாக யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. அதை அச்செடுத்து அவர் முன்னால் வையுங்கள். அவர் பெயரில் எந்தப் பணம் யாருக்குப் போனது என்று ஒவ்வொரு வரியாக அவருக்குத் தெரிய வேண்டும். நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு தணிக்கைத் தடைக்கும் (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபணைக்கும்) எதிரே வவுச்சர், அளவுப் புத்தகப் பக்கம், பணி முடிவுச் சான்று என்று எது கைவசம் இருக்கிறது, எது இல்லை என எழுதுங்கள். இல்லாததைப் பதவிக்காலம் முடிந்தபின் ஊராட்சியைப் பார்க்கும் தனி அலுவலரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் இப்போதே கேளுங்கள். செயலர் மாறுதலாகிப் போன பிறகு ஒரு பழைய வவுச்சரைத் தேடி எடுப்பது எவ்வளவு பாடு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அந்தச் சாவி இன்னும் உங்களிடம் இருந்தால் இன்றே அவர் கையில் கொடுங்கள். சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். பொறுப்பை ஒப்படைத்த பட்டியலில் அது இருந்ததா என்று பார்த்து, இல்லையென்றால் எழுத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து ஆண்டில் நடந்த கிராம சபைகளில் எத்தனையில் அவர் வாய் திறந்து வரவு செலவு வாசித்தார் என்று அவரிடமே கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள்.

இனி டெல்லி.

அந்த ஐந்து வருஷம் உங்கள் அனுபவக் கணக்கில் வராது. வெற்றிச் சான்றிதழில் இருப்பது அவர் பெயர். கட்சி நேர்காணலில் ‘ஊராட்சி நிர்வாகத்தில் ஐந்தாண்டு’ என்று சொன்னால், எதிரணி அதையே துண்டறிக்கையாக அடிக்கும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பது வாய்க்காலும் முகாமும் புயல் நிவாரணமும். அது சிறிய கணக்கு இல்லை, அதிலிருந்து நேர்மையாகத் தொடங்கலாம்.

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு இரண்டும் கட்சி அடிப்படையில் நடக்கும். உங்கள் முதல் படி ஒன்றியக் கவுன்சிலர் பதவிதான், உங்கள் பெயரில், உங்கள் சின்னத்தில். அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் நீங்கள் நிற்கக்கூடாது, அவரையும் நிறுத்தக்கூடாது. தானாக அவர் நிற்க விரும்பினால் அது வேறு. அப்போது நீங்கள் சுவரொட்டி ஒட்டலாம், ஆபீஸ் பக்கம் போகக்கூடாது. தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவு வந்த 30 நாளில் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். இதை அலட்சியம் செய்து 3 ஆண்டு போட்டியிட முடியாமல் போனவர்கள் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இருக்கிறார்கள்.

மயிலாடுதுறை தொகுதி என்றால் சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார், திருவிடைமருதூர், கும்பகோணம், பாபநாசம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள், சுமார் 15 லட்சம் வாக்காளர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். மண்ணியாற்றுக் கரையில் உங்களை எல்லோருக்கும் தெரியும். பூம்புகார் மீனவக் குப்பத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு கட்சி வேட்பாளரைப் பார்க்கும்போது பூத் கமிட்டியில் எத்தனை சாவடிக்கு ஆள் வைத்திருக்கிறார் என்றுதான் பார்க்கும். 2029 உங்களுக்குச் சீக்கிரம். பக்கத்துத் தொகுதி நாகப்பட்டினத்தில் மறைந்த எம்.செல்வராசு 1989, 1996, 1998, 2019 என்று நான்கு முறை வென்றவர். மூன்றாவது வெற்றிக்கும் நான்காவதுக்கும் நடுவே 21 ஆண்டுகள்.

ஒருநாள் கட்சி டிக்கெட் கொடுத்துவிட்டது என்றே வையுங்கள். டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்கள் மையில் போட்ட அசல் கையெழுத்தோடு கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் சேர வேண்டும். நகல் கொண்டுபோய்ச் சின்னம் இழந்தவர்கள் உண்டு. செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே. தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 95 லட்சம். அது வரம்புதான், அவ்வளவும் செலவழித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்பது மாவில் ஒரு குழியைக்கூட இதற்காக அடகு வைக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட உங்களை மடக்கப்போவது படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். அதில் உங்கள் மனைவிக்கென்றே பத்திகள் இருக்கின்றன. அவருடைய பான் எண், ஐந்து ஆண்டு வருமானக் கணக்கு, கையிருப்பு, வங்கிக் கணக்குகள், நகையின் எடை, நிலம், கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி. ஒரு பத்தியையும் காலியாக விட முடியாது. ‘இல்லை’ என்றாலும் எழுத வேண்டும், நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம். தெரிந்து மறைத்தாலோ பொய் எழுதினாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை. ஊராட்சிக் காலத்துத் தணிக்கை வசூல் ஒன்று அவர் பெயரில் நிலுவையில் நின்றால், அதையும் நீங்கள்தான் உங்கள் கையால் எழுதி, சத்தியம் செய்து, ஊர் பார்க்க வெளியிட வேண்டும். அவர் வாய் திறந்து சொல்லாமல் அந்தப் பத்திகளை உங்களால் நிரப்பவே முடியாது. அங்கே சாவிக்கொத்து உதவாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மக்களவையில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற அரசியல் சட்டத் திருத்தம் 2023-ல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபின் அமலுக்கு வரும் என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் கண் வைத்திருக்கும் தொகுதியே ஒருநாள் பெண்களுக்குப் போகலாம். 2019-ல் செய்ததை மறுபடி செய்யலாம் என்ற எண்ணம் அன்று வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். 2024-ல் மயிலாடுதுறையில் வென்றவர் வழக்கறிஞர் ஆர்.சுதா. ஒரு பெண் தன் பெயரில் நின்று தன் வாயால் பேசி வென்ற தொகுதி அது.

உங்கள் ஆசையே தவறு என்று நான் சொல்லவில்லை. தலைமடையில் தண்ணீர் ஓடும்போது கடைமடை ஏன் காய்கிறது என்பதை வாய்க்காலை அடைத்து வளரும் நெய்வேலி காட்டாமணக்கை வெட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் டெல்லியில் தேவை. அறுவடை மழையில் நனைந்த நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது அங்கே இருக்கும் உணவு அமைச்சகத்தின் முடிவு. கொள்முதல் நிலையத்தில் நெல் முளைவிட்டுக் கிடக்கும்போது, எந்தத் தேதியில் எத்தனை டன் நனைந்தது, ஆய்வுக் குழு எத்தனை நாள் கழித்து வந்தது என்று தாளோடு கேட்கும் எம்.பி. வேண்டும். காவிரியில் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி.யில் மாதவாரியாக எவ்வளவு குறைந்தது என்று கேட்பவர் வேண்டும். தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. நிழற்குடை கட்டித்தான் பெயர் வாங்க வேண்டும் என்றால் கவுன்சிலராகவே இருந்துவிடலாம். இப்போதிருந்தே உங்கள் ஒன்றியத்தின் ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் குறுவை, சம்பா, தாளடி மூன்றுக்கும் எத்தனை சிப்பம் (மூட்டை) வந்தது, எத்தனை நாள் காத்துக் கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். கேள்வி கேட்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

கட்சி ஆட்களிடம் ஒன்றியப் பொறுப்புக்கு இரண்டு மாதம் தவணை கேளுங்கள். அதற்குள் ஐந்து ஆண்டுத் தணிக்கை அறிக்கையும் உங்கள் வீட்டு மேஜைக்கு வந்திருக்க வேண்டும். அவர் படித்து, ‘இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை’ என்று சொன்ன பிறகு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள்.