கண் மாத்திரை சாப்பிட்டால் விழித்திரைப் பரிசோதனை வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 53. 11 ஆண்டுகளாக டைப் 2 சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு பரிசோதித்தபோது விழித்திரையில் ஆரம்பநிலைப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் லூட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம் கலந்த ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரையை 8 மாதமாகச் சாப்பிடுகிறேன். பார்வை தெளிவாகவே இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1. மாத்திரையைத் தொடரலாமா? பார்வையில் குறை இல்லாததால் இந்த ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்வை தெளிவாக இருப்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடங்கலின்றிப் படித்துக் காட்டிய ஒருவரை நான் மறக்கவில்லை. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு எடுத்த விழித்திரைப் படத்தை அவருக்கே காட்டினேன். குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் எங்கும் சிதறிக் கிடந்தன. அவை மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகிப் புடைத்த இடங்கள். பக்கத்தில் கசிந்து உறைந்த கொழுப்பு, மஞ்சள் துகள்களாக மாகுலாவை நெருங்கிக்கொண்டிருந்தது. கூர்மையான பார்வைக்குரிய அந்த மையத்தை அது இன்னும் தொடவில்லை. அதனால்தான் அவரால் படிக்க முடிந்தது. இந்த நோய் வலிக்காது, உறுத்தாது. நாமாகத் தேடிப் போனால்தான் அகப்படும்.

இனி மாத்திரைக்கு வருவோம். உங்கள் உறவினர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது விழித்திரைச் செல்களுக்குள் ஆக்சிஜன் கழிவு மூலக்கூறுகள் அளவுக்கு மீறி உருவாகின்றன. குழாய்ச் சுவரை அரிப்பவற்றில் அவையும் சேர்த்திதான். சர்க்கரை நோய் ஏற்படுத்தப்பட்ட எலிகளுக்கு ஆன்டி ஆக்ஸிடென்ட் கொடுத்தபோது விழித்திரைச் சேதம் குறைந்ததும் உண்மை. ஆனால் அத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் நோய் தொடங்கும்போதே மருந்தும் தொடங்கிவிடுகிறது. நமக்கோ பத்தாண்டு கழித்துத்தான் நினைவு வருகிறது. இன்னொன்று: ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு கழிவு மூலக்கூறை அழிப்பதற்குள், மிகுந்த சர்க்கரை அடுத்தடுத்துப் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். மாத்திரை கொதிப்பின் மேல் தெளிக்கும் தண்ணீர்தான். எரிகிற கட்டை 9.1 என்ற அந்த எண்.

மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்ற இன்னொரு ஆன்டி ஆக்ஸிடென்டை நாள்தோறும் 600 மில்லிகிராம் வீதம் 2 ஆண்டுகள் டைப் 2 நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. மாகுலா வீக்கத்தை அது தடுக்கவில்லை.

உங்கள் மாத்திரைப் புட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன கலவை, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் ஆய்வுகளின் வழி வந்தது. 2001-இல் அவற்றில் முதல் ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. இடைநிலையில் இருந்தவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆனால் அது முதுமையால் மாகுலா தேயும் நோய்க்கு. உங்களுக்கு இருப்பது வேறு நோய். 'கண் நலம்' என்ற இரண்டு சொற்களுக்குள் இந்த வேறுபாடு மறைந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தீங்கு உண்டா? வழக்கமான அளவில் பெரும்பாலோருக்கு இல்லை. இருந்தாலும் நான்கு பேர் கவனமாக இருக்க வேண்டும். புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, அது நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுவதாக 1994-இல் காட்டியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தக் கசிவை வரவழைக்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அதிக வைட்டமின் சி நல்லதல்ல. தோலில் ஒட்டும் சர்க்கரைக் கருவிகள் சில, வைட்டமின் சி மிகுந்தால் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. இவற்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். நான் என்றால் நிறுத்திவிடச் சொல்வேன்.

கண்ணைக் காப்பது எது என்பதில் ஐயமே இல்லை. டைப் 1 நோயாளிகளிடம் நடந்து 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வில், ஹெச்பிஏ1சி 9 அளவில் இருந்தவர்களைவிட 7 அளவில் வைத்திருந்தவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. டைப் 2 நோயாளிகளிடம் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், 1998-இல், இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியதால் மட்டுமே பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. உங்கள் கடிதத்தில் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்றே பார்த்துவிடுங்கள்.

மாத்திரையாகத்தான் ஏதாவது வேண்டுமென்றால், உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய பெயர் ஃபீனோஃபைப்ரேட். கொழுப்பைக் குறைக்கும் பழைய மருந்து அது. ஆரம்பநிலை விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களிடம் ஸ்காட்லாந்தில் நடந்த லென்ஸ் ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. நோய் முற்றிச் சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நிலை 27 சதவீதம் குறைந்தது. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சர்க்கரையை இறக்கும்போதும் ஒன்றை மறக்காதீர்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென்று இறங்கினால், முதல் ஓராண்டில் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடுவதுண்டு. இதைப் பார்த்துப் பயந்து மருந்தை விட்டுவிடக் கூடாது. நீண்ட காலத்தில் ஆதாயம் நிச்சயம். கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், அவர் ஓராண்டு காத்திராமல் சில மாதங்களிலேயே மீண்டும் பார்ப்பார்.

கண் முன்னே திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ, நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, குறித்த நாள் வரை காத்திராமல் உடனே போய்விடுங்கள். நோய் முற்றி, விழித்திரையில் கசிவும் புது இரத்தக் குழாய்களும் வந்தால்கூட லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வையைக் காக்கும். ஆனால் இழந்ததைத் திருப்பித் தருவதைவிட இருப்பதைக் காப்பதில்தான் அவை வல்லவை.

பரிசோதனைக்குப் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்தின் வேகம் அடங்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். சென்ற ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு படங்களிலும் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.