பரேலில் நடந்தது மீட்சியா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பையின் பழைய பஞ்சாலைப் பகுதி எழுந்த விதம் சரியில்லை என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். சமீபத்தில் வேலை விஷயமாக லோயர் பரேல் போயிருந்தேன். எங்கு பார்த்தாலும் அலுவலகக் கோபுரங்கள், கடைகள், ஆயிரக்கணக்கில் வேலைக்கு வரும் இளைஞர்கள். செத்துக் கிடந்த இடம் இப்படி மாறியதில் என்ன குறை? எங்கள் கோவையில் 2020 பொதுமுடக்கத்தோடு நின்றுபோன என்.டி.சி. (மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகம்) ஆலைகள் இன்னும் பூட்டிக் கிடக்கின்றன. மும்பையைப் போல அந்த நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்பினால் நாலு பேருக்குப் பிழைப்பு கிடைக்காதா?

எஸ்.ஆர்., சிங்காநல்லூர்

அன்புள்ள எஸ்.ஆர்.,

நீங்கள் பார்த்தது உண்மைதான். அங்கே வேலை இருக்கிறது, வருமானம் இருக்கிறது. ஆலைகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயந்திரங்கள் பழசு. நெசவு மும்பைக்குப் பக்கத்து ஊரான பிவண்டியின் விசைத்தறிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. அதற்குப் பிறகு பல ஆலைகள் திறக்கவே இல்லை, திறந்தவையும் பாதி ஆட்களோடுதான் ஓடின. எனக்குள்ள வருத்தம், காலியான ஏறக்குறைய 600 ஏக்கரை அந்த நகரம் கைவிட்ட விதம் பற்றியது.

1991-இல் நல்ல விதி ஒன்று வந்தது. மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ஆவது. ஆலை நிலத்தை வேறு உபயோகத்துக்குத் திறந்துவிட்டால், மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்றவற்றுக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீடு கட்ட மகாராஷ்டிர அரசின் வீட்டு வசதி அமைப்பான மாடாவுக்கு, மிச்சம் உரிமையாளருக்கு. ஆலைக்காரர்கள் இதற்கு மசியவில்லை. ஷெட்டை இடிக்காமல் உள்ளேயே அலுவலகமும் கடையும் வைத்தால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார்கள். அப்படியும் விதி நின்றது. 1996-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, என்.டி.சி. ஆலைகளின் நிலங்களைத் தனித்தனியாகத் துண்டு போடாமல் சேர்த்துத் திட்டமிடலாம் என்று பரிந்துரை கொடுத்தது. அது அப்படியே கிடப்பில் போனது.

2001-இல் விதியைத் திருத்தினார்கள். மூன்று பங்கு என்பது மொத்த நிலத்துக்கு இல்லை, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஆலை வளாகத்தில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? உங்களுக்கே தெரியும், சுவரிலிருந்து சுவர் வரை ஷெட்தான். 200 ஏக்கர் பூங்கா, 200 ஏக்கர் வீடு என்று கணக்குப் போட்டிருந்த நகரத்துக்கு அதில் சிறு பகுதிதான் மிஞ்சியது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, 2001 திருத்தத்தை நிலைநிறுத்தியது.

அந்தக் காலத்தில் தொடங்கிய வியாபாரத்தைப் பாருங்கள். 2005-இல் என்.டி.சி. தன் ஆலை ஒன்றின் 17 ஏக்கரை 702 கோடிக்கு விற்றது. வாங்கிய டி.எல்.எஃப். நிறுவனம் அதை 2012-இல் 2,727 கோடிக்குக் கைமாற்றியது. ஏழு வருடத்தில் விலை நாலு மடங்கு. பொதுத்துறை நிலத்தின் லாபத்தில் பெரும்பகுதி இப்படித் தனியார் கைக்குப் போனதை மீட்சிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதே 2012-இல்தான் மில் தொழிலாளர்களுக்கான முதல் வீட்டுக் குலுக்கல் நடந்தது. 6,925 வீடுகள். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் குடும்பங்கள். வேலைநிறுத்தம் தொடங்கி அதற்குள் முப்பது வருடம் ஆகிவிட்டது.

திட்டமிடல் தோற்ற இடத்தை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள், ரயிலில் போயிருந்தால். ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் பக்கத்திலேயே, ‘சால்’ என்ற வரிசைக் குடியிருப்பில், ஒற்றை அறையில், நாலைந்து பேரோடு இருந்தார். சங்கு ஊதினால் நடந்து போய்விடுவார். மூன்று ஷிப்ட், கூட்டமும் மூன்றாகப் பிரியும். அலுவலகத்துக்கு வருபவர் தூரத்துப் புறநகர்களான விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வருகிறார், எல்லோரும் காலை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் இறங்குகிறார்கள். பரேல், எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையங்களை இணைத்த நடைமேம்பாலம் ஆலைக் காலத்துக் கூட்டத்துக்குப் போதுமானது. நிலத்துக்கு எத்தனை மாடி அனுமதிப்பது என்று கணக்குப் போட்டவர்கள், அத்தனை பேர் எந்தப் படியில் இறங்குவார்கள் என்று கணக்குப் போடவில்லை. 2017 செப்டம்பர் 29, நல்ல மழை. நனையாமல் இருக்க ஜனங்கள் பாலத்திலேயே நின்றார்கள், அடுத்தடுத்த ரயில்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நெரிசலில் 23 பேர் செத்துப்போனார்கள். புதிய பாலத்தை ராணுவம் வந்து கட்டிக்கொடுத்தது, 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். அத்தனை மாதம்தான் ஆகும் ஒரு பாலத்துக்கு! அந்த வேகத்தை முன்பே காட்டியிருந்தால் என்ன என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அப்புறம் கானாவள் பெண்கள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஆலைக்காரர்களுக்கு வீட்டிலேயே சமைத்து, மாதக் கணக்கில் சாப்பாடு போட்டவர்கள். சம்பள நாளில் பணம் வாங்கி, மளிகைக் கடன் அடைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆலை நின்றதும் வருமானம் போனவர்களில் இவர்களும் உண்டு. ஆனால் எந்தச் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாததால் இவர்களுக்கு நஷ்டஈடும் இல்லை, வீட்டுக் குலுக்கலில் தாங்களாக விண்ணப்பிக்கும் உரிமையும் இல்லை. ஆலையை இழந்த ஊரில் யார் யாருக்குப் பிழைப்பு போனது என்று முதலில் எண்ண வேண்டும். கோவையிலும் ஆலை வாசல் டீக்கடையிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோவை ஆலை நிலம் பூட்டியே கிடக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே பொதுச் சொத்து, தனியார் முதலாளியிடம் பேரம் பேச வேண்டிய நிலைமை இல்லை. ஏலத்துக்கு முன்பே முழுமைத் திட்டத்தில், மொத்தப் பரப்பை வைத்தே, மைதானத்துக்கு இவ்வளவு, வாடகை வீட்டுக்கு இவ்வளவு, பஸ் நிற்க இவ்வளவு என்று சர்வே எண்ணோடு குறித்துவிட வேண்டும். விற்ற பிறகு கேட்டால் கிடைக்காது. தொழிலாளர்களுக்கு வர வேண்டிய பாக்கியும் முதலில் தீர வேண்டும்.

நம் ஊரில் நில உபயோக மாற்றம் செய்வதற்கு முன் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில் வரும். உங்கள் பக்கத்து ஆலையின் சர்வே எண் அதில் வந்தால், அவகாசம் முடிவதற்குள் எழுத்துமூலமாகக் கொடுங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.