சதாப்பிலையைத் தொடும் முன்

பனிக்காலம் வந்தால் சதாப்பிலை பற்றிய கேள்விகளும் வந்துவிடும். சித்த மருத்துவத்தில் அருவதா என்போமே, அதே மத்தியதரைக்கடல் செடிதான்.

மாடித் தொட்டியில் வளர்ந்த இலைகளை நண்பகலில் கிள்ளினேன். மறுநாள் கையெல்லாம் கொப்புளம். பூச்சிக்கடியா? (திருவொற்றியூர்)

பாவம், பூச்சியை விட்டுவிடுங்கள். இலைச்சாற்றில் சோராலென் வகைப் பொருள்கள் உள்ளன. சாறு பட்ட தோலில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துபோகும். இது ஒவ்வாமை அன்று, யாருக்கும் வரலாம். தொட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்தே எரிச்சல் கிளம்புவதால் செடியின் மேல் சந்தேகமே எழுவதில்லை. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. கொப்புளத்தை உடைக்காதீர்கள், குளிர்ந்த ஈரத்துணி வைத்து, வெயில் படாமல் மூடுங்கள். பரவினால் தோல் மருத்துவரிடம் போங்கள். கருமை மறைய மாதக்கணக்கில் ஆகலாம். இனிக் கிள்ளுவதானால் பொழுது சாய்ந்த பிறகு, கையுறையோடு.

நான்கு மாதக் குழந்தைக்குச் சளி. சதாப்பிலைச் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். (ராயபுரம்)

இரண்டுமே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே ஆபத்து. சாறு வாந்தி, வயிற்றுவலியை உண்டாக்கும். அளவு மிஞ்சினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உலர்ந்த இலையைத் தணலில் இட்டுப் புகை காட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான். ஆனால் ஜன்னலில்லாத ஒற்றை அறையில் அந்தப் புகையே சளியை மோசமாக்கும். மாமியாரிடம் என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது. கஷாயம் குடிக்கலாமா? (பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை)

ஒரு வாய்கூட வேண்டாம் அம்மா. கருவைக் கலைக்க இதைக் குடிப்பது ரோமானியர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். குடித்த பெண்கள் உறுப்புகள் செயலிழந்து இறந்ததும் உண்டு. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கரு வேண்டாமென்றால் 1971 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது; அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வயது வந்த பெண்ணுக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. ஏற்கெனவே குடித்திருந்தால் இப்போதே 108-ஐ அழையுங்கள்.

இது விஷமுறிவு மூலிகையாமே? (பெரம்பூர்)

கருங்கடல் கரையிலிருந்த பாண்டஸ் நாட்டு மன்னர் மித்ரிடேட்ஸின் விஷமுறிவு மருந்து என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒன்றைக் குறித்திருக்கிறார்: 20 சதாப்பிலை, 2 அக்ரூட், 2 அத்திப்பழம், கொஞ்சம் உப்பு. சுவையான கதை. பாம்புக்கடிக்கு ஊசிதான்.