செம்பருத்தியைப் படம் எடுத்தால் இதழின் நரம்புகள் தெரியாமல் வெறும் சிவப்புத் திட்டாக வருவது ஏன்?

பெரும்பாலும் இது ஃபோகஸ் பிரச்சினை இல்லை, சிவப்பு மட்டும் அளவுமீறிப் பதிவாகியிருக்கும். கேமரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பதிகிறது. சுற்றியுள்ள இலைகளையும் சேர்த்துச் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுவதால், மொத்தப் படம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு உச்சத்தைத் தொட்டு இதழின் நரம்பு, மடிப்பு எல்லாம் அழிந்துவிடும். எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமை (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) நிறவாரியாகப் பாருங்கள், சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நின்றால் இதுதான் காரணம்.

சரி, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்ச அளவை, -1 வரை இறக்கி அதே பூவை மறுபடி எடுங்கள், அப்புறம் இரண்டையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். போனில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். உச்சிவெயிலைவிட மேகம் மூடிய நேரம் இதற்கு அருமை. காற்றடித்தால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.